மண்ணுக்குள் இருக்கும் பூச்சிக்கு மருந்து: கிண்ணத்தில் சோதிப்பதா, தொட்டியிலா, வயலிலா?

"கிண்ணத்தில் மண்ணைப் போட்டு, மருந்தைக் கலந்து, பத்துக் கம்பிப்புழுவை விட்டேன். மூன்றாம் நாளே எல்லாம் மல்லாந்துவிட்டன. அதே மருந்தை வயலில் போட்டேன். கேரட்டைப் பிடுங்கினால் பாதிக்குப் பாதி ஓட்டை. எங்கே தப்பு?"

கம்பிப்புழு என்பது மண்ணில் வாழ்ந்து வேரைத் துளைக்கும் ஒரு வண்டின் புழு. வேர்க்காய்கறிக்கு மருந்து சோதிக்கிறவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். மீதிப் பாதி இதைத் தலைகீழாகக் கவிழ்த்தது: "மருந்து போட்ட பாத்தி, போடாத பாத்தி இரண்டிலும் சேதம் ஒரே அளவு. மருந்து உதவாது என்று எழுதிவிடலாமா?"

இலையில் உட்காரும் பூச்சிக்கு மருந்தடித்தால் மறுநாள் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். மண்ணுக்குள் இருப்பதை அப்படிப் பார்க்க வழியில்லை. தோண்டினால் பாத்தி கலைந்துவிடும், தோண்டாவிட்டால் அறுவடை வரை ஒன்றும் தெரியாது. அதனால்தான் எந்த மாதிரி சோதனை வைப்பது என்பதை மருந்து வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யவேண்டியிருக்கிறது. கையில் நான்கு வழிகள் உண்டு: ஆய்வகத்தில் கிண்ணச் சோதனை, தொட்டியில் பயிர் வைத்துச் சோதனை, வயலில் சிறு பாத்திச் சோதனை, முழு வயலில் பட்டை பட்டையாக விட்டுச் செய்யும் சோதனை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கேள்வி. "இந்த மருந்து இந்தப் பூச்சியைக் கொல்லுமா" என்பது ஒரு கேள்வி. "எவ்வளவு போடவேண்டும்", "கிழங்கைக் காப்பாற்றுமா", "என் நிலத்தில், என் கருவியில், இது ஒத்துவருமா" என்பவை வேறு வேறு கேள்விகள். ஒரே சோதனை நான்குக்கும் பதில் சொல்லிவிடும் என்று நம்பித்தான் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள்.

அடுத்து, எதை எண்ணப்போகிறோம் என்பது. வேர்க்காய்கறியில் பூச்சி தின்னும் இடமும் நாம் சாப்பிடும் இடமும் ஒன்றே. இலையில் பத்தில் ஒரு பங்கைப் புழு தின்றாலும் கேரட் பருத்துவிடும். கேரட்டிலேயே ஒரு துளை விழுந்தால் அது கழிவு. எடைபோட்டுப் பார்த்தால் மகசூல் குறைந்திருக்காது; தரம் பிரித்தால்தான் நஷ்டம் தெரியும். ஆகவே செத்த பூச்சியை எண்ணுவதா, துளையில்லாத கிழங்கை எண்ணுவதா என்பது சாதாரண விஷயமில்லை. டெஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் கம்பிப்புழுவைக் கொல்வதோடு விரட்டவும் செய்யும். விரட்டப்பட்ட புழு உயிரோடு இருக்கும், கிழங்கோ சுத்தமாக இருக்கும். செத்ததை எண்ணினால் அந்த மருந்து தோல்வி, கிழங்கை எண்ணினால் வெற்றி.

பூச்சி நிச்சயமாக அங்கே இருக்குமா என்பது மூன்றாவது. ஆய்வகத்தில் நாமே விடுகிறோம், வயலில் அது வரவேண்டும். வராத வருஷம் சோதனையே இல்லை.

நான்காவது, மண். மருந்துக்கும் பூச்சிக்கும் நடுவில் எப்போதும் மண் நிற்கிறது. குளோர்பைரிஃபாஸ் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் கரையும். மட்கிலும் களியிலும் ஒட்டிக்கொண்டு போட்ட இடத்திலேயே கிடக்கும். இமிடாகுளோப்ரிட் 600 மில்லிகிராம் போலக் கரையும். தண்ணீரோடு சேர்ந்து இறங்கும், வேர் வழியாகச் செடிக்குள்ளும் ஏறும். இரண்டையும் ஆற்றுமணலில் சோதித்தால் ஒரு முடிவு வரும், மட்கு நிறைந்த கருமண்ணில் சோதித்தால் வேறு முடிவு வரும். இரண்டுமே உண்மையான முடிவுகள்.

அப்புறம், காலம். முள்ளங்கி நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும். கேரட் மூன்று நான்கு மாதம் மண்ணில் நிற்கும். ஒரு காலத்தில் ஆல்ட்ரின், டைஎல்ட்ரின் என்ற மருந்துகளைப் போட்டுவிட்டால் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும், நீடிக்குமா என்ற கேள்வியே எழாது. அந்த நீடிப்புதான் அவற்றுக்கு எமனாகி, 2001ல், சிதையாமல் நீடிக்கும் நச்சுகளைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் பட்டியலில் முதல் வரிசையிலேயே வந்து சேர்ந்தன. இப்போதுள்ள மருந்துகள் சீக்கிரம் சிதைகின்றன. ஆகவே "கொல்கிறதா" என்பதோடு "எழுபதாம் நாளும் கொல்கிறதா" என்றும் கேட்கவேண்டும்.

கடைசியாக, எச்சம்: விளைந்த கிழங்கில் தங்கிவிடும் மருந்து. மருந்து போடுவது மண்ணில். சாப்பிடும் பகுதி வளர்வதும் அதே மண்ணில். 1990களில் பிரிட்டனில் கேரட்டை ஒவ்வொன்றாக எடுத்து ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் எச்சத்தை அளந்தபோது, சில கேரட்டுகளில் சராசரியைவிடப் பல மடங்கு இருந்தது. 1995ல் தோலையும் தலைப்பகுதியையும் நீக்கிவிட்டுச் சாப்பிடச் சொல்லி அரசே அறிவுரை சொல்லவேண்டியதாயிற்று. ருசியும் இதில் சேர்த்திதான். பி.எச்.சி. என்ற பழைய பூச்சிமருந்து போட்ட மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கில் பூஞ்சணம் பிடித்தது போன்ற வாடை அடிக்கும். புழு செத்தும் பயனில்லை.

## கிண்ணச் சோதனை

சிறு கிண்ணங்களில் எடை பார்த்த மண், அளந்த ஈரம், படிப்படியாக ஏறும் மருந்து அளவுகள், ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைப் புழு. சில நாள் கழித்துக் கொட்டி எண்ணுவது. இதில் கிடைப்பது நச்சுத்தன்மை. பாதிப் புழுவைக் கொல்லும் அளவு எது என்ற கணக்கு. மருந்துகளை வரிசைப்படுத்தவும், எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா என்று பார்க்கவும் இதைவிட மலிவான வழி கிடையாது. ஒரு மேசை, ஒரு வெப்பப்பெட்டி, இரண்டு மூன்று வாரம் இருந்தால் போதும்.

எதுவும் போடாத கிண்ணத்திலும் சில புழு சாகும். அதைக் கழிக்க 1925ல் பூச்சியியலாளர் ஆபட் கொடுத்த சூத்திரம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மருந்தில்லாத கிண்ணங்களில் 40 விட்டு 36 பிழைத்தன, மருந்திட்டதில் 40 விட்டு 9 பிழைத்தன என்று வைத்துக்கொள்வோம். நேரடியாகப் பார்த்தால் சாவு 77.5 சதவீதம். திருத்தினால் 36லிருந்து 9ஐக் கழித்து 36ஆல் வகுக்க, 75 சதவீதம். மருந்தில்லாத கிண்ணத்திலேயே ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்திருந்தால் சூத்திரத்தைத் தேடாதீர்கள். புழுவோ மண்ணோ சரியில்லை, சோதனையைத் திரும்ப வையுங்கள்.

இனி, முதல் கேள்வி கேட்டவர் விழுந்த குழி. மல்லாந்து கிடக்கும் கம்பிப்புழுவை மெல்லிய தூரிகை முனையால் தொட்டுப் பாருங்கள். தலைக்குப் பின்னால் ஆறு குட்டைக் கால்கள். அதில் ஒன்று மட்டும் லேசாக இழுக்கும், அப்புறம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் யாரும் அதைப் 'போய்விட்டது' என்றுதான் குறிப்பார்கள். கனடாவின் அகாசிஸ் ஆராய்ச்சி நிலையத்தில் வெர்னனும் வான் ஹெர்க்கும் இந்த மாதிரிப் புழுக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து பார்த்தார்கள். இமிடாகுளோப்ரிட், தயாமெத்தாக்ஸாம் போன்ற நியோநிக்கோட்டினாய்டு பட்டவை வாரக்கணக்கில் செத்த மாதிரி கிடந்துவிட்டு, எழுந்து திரும்பவும் தின்ன ஆரம்பித்தன. ஃபிப்ரோனில் பட்டவையோ உண்மையிலேயே செத்தன, அதுவும் நாள் கழித்து. வயலிலும் இதே கதை நடந்தது. நியோநிக்கோட்டினாய்டால் நேர்த்தி செய்த விதை நன்றாக முளைத்து வந்தது, மண்ணில் இருந்த புழுவின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை.

இதனால் மண்பூச்சிக்கான கிண்ணச் சோதனையில் 'உயிர்', 'சாவு' என்று இரண்டு கட்டம் மட்டும் போட்ட குறிப்பேட்டை நான் நம்புவதில்லை. சரியாக நடமாடுவது, தள்ளாடுவது, கிடந்தபடி கால் அசைப்பது, உடல் கறுத்து மெத்தென்று ஆனது என்று நான்கு கட்டமாவது வேண்டும். கிடப்பவற்றை மருந்தில்லாத ஈரமண்ணுக்கு மாற்றி, மேலும் சில வாரம் வைத்துப் பார்க்கவேண்டும்.

மறைந்திருக்கும் செலவு புழுவில்தான். அக்ரியோட்டிஸ் இனக் கம்பிப்புழு வண்டாவதற்கு மூன்று முதல் ஐந்து வருஷம் எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் வளர்த்துத் தீராது. வயலில் உருளைத் துண்டையோ முளைகட்டிய தானியத்தையோ புதைத்து, வந்து மொய்ப்பதை எடுக்கவேண்டும். எடுத்ததெல்லாம் உதவாது. தோலுரிக்கத் தயாராகும் புழு தின்னாது, நகராது. மருந்தைத் தொடாமலே பிழைத்துக்கொள்ளும். ஒரு வாரம் உருளைத் துண்டோடு வைத்து, தின்கிறவற்றை மட்டும் பொறுக்கினால், கொண்டுவந்ததில் கணிசமான பகுதி கழிந்துவிடும்.

அளவு கணக்கிலும் ஒரு சறுக்கல் உண்டு. ஹெக்டேருக்கு 1 கிலோ செயல்படு பொருள் (மருந்தில் உண்மையில் பூச்சியைத் தாக்கும் பகுதி) என்றால் கிண்ணத்துக்கு எவ்வளவு? 15 செ.மீ. ஆழத்துக்கு ஒரு ஹெக்டேர் மண், அடர்த்தி 1.3 என்று கொண்டால், 1,950 டன். சுமாராக 20 லட்சம் கிலோ. அப்படியானால் ஒரு கிலோ மண்ணுக்கு 0.5 மில்லிகிராம். ஆனால் அதே 1 கிலோவை 60 செ.மீ. இடைவெளிச் சால்களில் 10 செ.மீ. அகலத்துக்கு மட்டும் இட்டால், சாலுக்குள் ஒரு கிலோ மண்ணுக்கு 3 மில்லிகிராம். சாலுக்கு வெளியே ஒன்றுமில்லை. கிண்ணத்தில் மருந்து எங்கும் ஒரே சீராகக் கலந்திருக்கும், ஒதுங்கிப்போக புழுவுக்கு இடமும் இருக்காது. வயலில் இரண்டும் கிடையாது.

## தொட்டிச் சோதனை

இந்த நான்கில் மதிப்புக் குறைவாக நடத்தப்படுவது இதுதான் என்பது என் எண்ணம். வயல் மண்ணையே கொண்டுவந்து தொட்டியில் நிரப்பி, பயிரை வைத்து, எண்ணிக்கை தெரிந்த புழுவையோ முட்டையையோ விட்டு, கடைசியில் வேரைக் கழுவிப் பார்ப்பது. பூச்சி உறுதி, பயிர் உண்டு, மண்ணும் உண்மையான மண். மருந்தை விதையோடு போடுவதா, குருணையாகச் சாலில் போடுவதா, கரைத்து வேரில் ஊற்றுவதா என்று ஒப்பிட நல்ல இடம்.

இதன் பெரிய பலம் நீடிப்பைப் பார்ப்பது. எல்லாத் தொட்டியிலும் ஒரே நாளில் மருந்து போட்டுவிட்டு, ஒரு தொகுதியில் அன்றே புழு விடுங்கள். அடுத்த தொகுதியில் 30ஆம் நாள், அதற்கடுத்ததில் 60, பிறகு 90. மழையும் வெயிலும் படும்படி வெளியே வைத்திருக்கவேண்டும். எந்தத் தொகுதியில் சேதம் தலைதூக்குகிறதோ அங்கே மருந்தின் ஆயுள் முடிந்தது. கேரட் ஈயின் (இதன் புழுதான் கேரட்டைத் துளைக்கும்) இரண்டாம் தலைமுறை எப்போது முட்டையிடும் என்று தெரிந்தால், இந்த ஒரு சோதனையே மருந்து அதுவரை நீடிக்குமா நீடிக்காதா என்று சொல்லிவிடும். வயலில் இதற்கு ஒரு பருவம் முழுக்கப் போகும். பூச்சி வராவிட்டால் அதுவும் வீண்.

மண்ணை ஆவியில் வேகவைத்துச் சுத்தப்படுத்தும் பழக்கம் தொட்டி வேலையில் உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். கார்போஃபியூரானைத் திரும்பத் திரும்பப் போட்ட நிலங்களில், அதையே உணவாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் பெருகி, மருந்து சில நாளிலேயே காணாமல் போன அனுபவம் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. வேகவைத்த மண்ணில் அந்த நுண்ணுயிர் இருக்காது. மருந்து அபாரம் என்று முடிவு வரும், வயலுக்குப் போனதும் கவிழும். முடிந்தால் இரண்டு மண் எடுங்கள்: அந்த மருந்து முன்பு பட்ட நிலத்திலிருந்து ஒன்று, படாத நிலத்திலிருந்து ஒன்று.

குறைகளும் உண்டு. கறுப்புத் தொட்டி வெயிலில் வயல் மண்ணைவிட அதிகம் சூடாகும். கம்பிப்புழு சூட்டுக்கு அடியில் இறங்கும், வடிகால் துளை வழியாக வெளியேயும் போய்விடும். நுண்வலை வைத்து அடைக்கவேண்டும். கரையக்கூடிய மருந்து வடியும் தண்ணீரோடு போகும் என்பதால் ஊற்றும் அளவைக் கட்டுப்படுத்தவேண்டும். அப்புறம், தொட்டியில் இருப்பது ஒரே செடி. வேறு தீனி இல்லாத புழு அதைத்தான் கடிக்கும். ஆகவே தொட்டியில் வரும் சேத சதவீதத்தை வயலுக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள். மருந்துகளின் வரிசையை மட்டும் எடுத்துப் போகலாம்.

## சிறு பாத்திச் சோதனை

பதிவுக்கு விண்ணப்பிப்பதானாலும், கட்டுரை எழுதுவதானாலும், பரிந்துரை கொடுப்பதானாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கவேண்டும். கிழங்கைக் காப்பாற்றுமா என்ற கேள்விக்கு நேரான பதில் இதில்தான் வரும். அதிகம் வீணாவதும் இதில்தான்.

வீணாவதற்கு முதல் காரணம் இடத்தேர்வு. மண்பூச்சி வயல் முழுக்கச் சீராகப் பரவியிருப்பதில்லை, கும்பல் கும்பலாக இருக்கும். பல வருஷம் புல் நின்ற நிலத்தில் கம்பிப்புழு சேரும். கேரட் ஈ வேலியோரச் செடிகளில் தங்கி, வயலின் ஓரத்தில்தான் அதிகம் முட்டையிடும். சர்க்கரைவள்ளிக் கூன்வண்டு மண் வெடித்த இடத்தில் கிழங்கைத் தேடி இறங்கும். விதைப்பதற்கு முன் தூண்டில் தீனி புதைத்து எண்ணாமல் இடத்தை முடிவு செய்வது, கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் பிடிக்கிற மாதிரி.

எண்ணிய பிறகு, அதிகம் உள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கம் நோக்கித் தொகுதிகளைப் பிரியுங்கள். ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லா மருந்தும், மருந்திடாத பாத்தியும், குலுக்கிப் போட்ட வரிசையில் வரவேண்டும். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ஃபிஷர் வகுத்துக் கொடுத்த முறை இதுதான். வேலியோரத்துக்கு இணையாகத் தொகுதி நீண்டிருந்தால் ஓரச் சேதம் எல்லா மருந்துக்கும் சமமாகப் போகும். செங்குத்தாகப் போட்டால் ஓரத்துப் பாத்தியில் விழுந்த மருந்து பாவம்.

எத்தனை மறுசெய்கை, அதாவது ஒவ்வொரு மருந்தையும் எத்தனை பாத்தியில் திரும்பச் சோதிப்பது? ஐரோப்பிய மத்தியதரைக்கடல் தாவரப் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டி, பிழைக்கான வரையிலா எண் (degrees of freedom) 12க்குக் குறையக்கூடாது என்கிறது. தொகுதி முறையில் அது, மருந்து எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, தொகுதி எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, இரண்டையும் பெருக்கினால் வருவது. மருந்திடாததையும் சேர்த்து ஐந்து இனம், நான்கு தொகுதி என்றால் 4 பெருக்கல் 3, சரியாக 12. நான்கு இனம் மட்டும் என்றால் நான்கு தொகுதி போதாது, ஐந்து வேண்டும். இதை நடவுக்கு முன்னால் பாருங்கள், அறுவடைக்குப் பின்னால் பார்த்து நொந்துகொள்வதில் பயனில்லை.

ஏற்கெனவே பெயரெடுத்த ஒரு மருந்தையும் ஓர் இனமாகச் சேர்ப்பது வழக்கம். அது அடுத்த வருஷமும் நடப்பில் இருக்குமா என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். குளோர்பைரிஃபாஸை வைத்து ஒப்பிட்ட பல சோதனைகள் இப்படி அந்தரத்தில் நிற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியில் அதன் அனுமதியைப் புதுப்பிக்காமல் விட்டது.

எத்தனை வேர் எடுப்பது என்பதில் எல்லோரும் கஞ்சத்தனம் செய்கிறார்கள். மருந்திடாததில் 40 சதவீதம் சேதம், மருந்து அதை 20 ஆகக் குறைக்கிறது என்றால், அந்த வித்தியாசத்தைப் பத்துக்கு எட்டு தடவை பிடிக்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 வேர் போதும். 10 சதவீதத்தை 5 ஆகக் குறைக்கிறது என்றால் 430 வேண்டும். இரண்டிலும் மருந்து செய்தது பாதிக்குப் பாதி குறைப்புதான், ஆனாலும் வேலை ஐந்து மடங்கு. பூச்சி கும்பலாக இருப்பதால் பக்கத்துப் பக்கத்து வேர்கள் ஒரே கதையைச் சொல்லும், அதனால் உண்மையில் இன்னும் கூடுதலாகவே தேவைப்படும். ஒரு பாத்திக்கு 20 கேரட் பிடுங்கிவிட்டு 'வித்தியாசம் இல்லை' என்று எழுதுவது, எதையும் சோதிக்காததற்குச் சமம்.

அறுவடை நாளின் வேலையை யாரும் சரியாக மதிப்பிடுவதில்லை. நடு வரிசைகளை மட்டும் எடுக்கவேண்டும், ஓர வரிசைகள் பக்கத்துப் பாத்தியின் மருந்தையும் பூச்சியையும் பகிர்ந்துகொண்டவை. பிடுங்கிய கேரட்டைத் தண்ணீரில் போட்டு மண் போகக் கழுவும்போது, தோலில் கறுப்பாக ஒரு புள்ளி தெரியும். நகத்தால் நெருடினால் உதிர்ந்துவிட்டால் அது மண். உதிராமல் உள்ளே போனால் கம்பிப்புழுத் துளை. ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கு நேராக இறங்கியிருக்கும். துருப்பிடித்தது போல் பழுப்பாக, தோலுக்கு அடியில் வளைந்து வளைந்து ஓடினால் கேரட் ஈயின் புழு. வெட்டுப்புழு கடித்தது அகலமான பள்ளமாக, மேற்பகுதியிலேயே இருக்கும். மூன்றையும் 'சேதம்' என்று ஒரே கட்டத்தில் குறித்தால், ஈக்குப் போட்ட மருந்தின் மேல் வெட்டுப்புழுவின் பழி விழும். நூறு வேர் கழுவிப் பார்த்துத் தரம் பிரிக்க ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று முந்தின நாளே ஒத்திகை பாருங்கள். எந்தப் பை எந்த மருந்து என்று தரம் பிரிப்பவருக்குத் தெரியக்கூடாது. பையில் எண் மட்டும் இருக்கட்டும். நல்லவர்தான் பார்க்கிறார் என்றாலும், பெயர் தெரிந்தால் கண் சாயும்.

பூச்சியையும் எண்ணுவதாக இருந்தால் ஆபட் போதாது. மருந்துக்கு முன் மண்ணை மாதிரி எடுத்து எண்ணியதில் மருந்திடாத பாத்தியில் 20, மருந்துப் பாத்தியில் 30. பின்பு 18, 9. பின்னால் எண்ணியதை மட்டும் பார்த்தால் மருந்தின் திறன் 50 சதவீதம். தொடக்கத்து ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் ஹென்டர்சன்–டில்டன் சூத்திரத்தில் போட்டால் 67. ஆனால் ஒவ்வொரு தடவை எண்ணுவதற்கும் பாத்தியைத் தோண்டவேண்டும். அதற்கென்று தனி வரிசை ஒதுக்காவிட்டால் அறுவடைக்கு வேரே மிஞ்சாது.

மறைமுகச் செலவுகளில் பெரியது இரண்டு. பயிருக்கு இன்னும் பதிவாகாத மருந்து என்றால் விளைச்சலை விற்கவோ சாப்பிடவோ கூடாது. பெரும்பாலான நாடுகளில் முன்அனுமதி வாங்குவதும், விளைந்ததை அழிப்பதும் கட்டாயம். இரண்டாவது, பூச்சி வராத வருஷம். ஒரு பருவத்துக்குத் திட்டம் போட்டால் இரண்டு பருவத்துக்குப் பணம் வையுங்கள்.

## பட்டைச் சோதனை

சொந்தக் கருவியில், சொந்த நிலத்தில், பட்டை பட்டையாக மருந்து போட்டும் போடாமலும் விட்டுப் பார்ப்பது. மருந்து ஏற்கெனவே பதிவானதாக இருக்கவேண்டும். புள்ளியியலில் மெலிந்தது, ஆனால் குருணை இடும் கருவி ஒழுங்காகக் கொட்டுகிறதா, மருந்து விழும் ஆழம் சரியா, கூடுதல் விளைச்சல் செலவை ஈடுகட்டுகிறதா என்பதையெல்லாம் மற்ற மூன்றும் சொல்லாது. ஒரே ஒரு பட்டையை மருந்தில்லாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. வயலின் மூன்று நான்கு இடங்களில் விடுங்கள், ஓரத்திலும் நடுவிலுமாக. எதிர்ப்பு வருவதும் இங்கேதான்: விளைச்சலை நம்பியிருப்பவர் மருந்தில்லாத பட்டையைத் தியாகம் செய்யத் தயங்குவார், நியாயமும்கூட. பட்டையைக் குறுகலாக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

## பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால்

| | கிண்ணம் | தொட்டி | சிறு பாத்தி | பட்டை |
|---|---|---|---|---|
| பதில் சொல்லும் கேள்வி | கொல்லுமா, எந்த அளவில் | எந்த முறையில், எத்தனை நாள் | கிழங்கைக் காப்பாற்றுமா | இந்த நிலத்தில் கட்டுப்படியாகுமா |
| எண்ணுவது | செத்தது, கிடப்பது, நடமாடுவது | கடிபட்ட வேர், பிழைத்த புழு | துளையில்லாத வேர் | தரம் பிரித்த விளைச்சல் |
| பூச்சி இருக்குமா | உறுதி | உறுதி | இடத்தேர்வைப் பொறுத்தது | அதிர்ஷ்டம் |
| மண் | பெயருக்கு | உண்மை மண், செயற்கைச் சூழல் | உண்மை | உண்மை |
| காலம் | வாரங்கள் | சில மாதம் | ஒரு பருவம், பெரும்பாலும் இரண்டு | ஒரு பருவம் |
| எச்சம் அளக்க | முடியாது | குறிப்பு மட்டும் | முடியும் | முடியும் |
| மறைந்த செலவு | தின்னும் புழுவைச் சேகரிப்பது | புழு தப்புவது, சூடு, வடிகால் | கழுவித் தரம் பிரிப்பது, விளைச்சல் அழிப்பு | மருந்தில்லாத பட்டையின் நஷ்டம் |

## யாருக்கு எது

ஐந்தாறு மருந்து கையில் இருக்கிறது, இரண்டாகக் குறைக்கவேண்டும் என்றால் கிண்ணம் போதும். பதிவுக்கும் பரிந்துரைக்கும் சிறு பாத்திக்கு மாற்று கிடையாது. மாணவர் ஒருவருக்கு ஒரே பருவம்தான் இருக்கிறது என்றால், வயலை மட்டும் நம்பி இறங்கவேண்டாம் என்பேன். தொட்டியை முதன்மையாக வைத்து, வயலில் ஒரு பாத்திச் சோதனையைத் துணைக்கு வைக்கலாம். பூச்சி வராவிட்டாலும் எழுத ஏதாவது இருக்கும்.

பூச்சியைப் பொறுத்தும் மாறும். கேரட் ஈ, முட்டைக்கோசு வேர் ஈ மாதிரியானவை பறந்து வந்து அந்தப் பருவத்திலேயே முட்டையிடுபவை. நாற்றுப்பருவத்தில் முட்டையை எண்ணி வேர் அருகே வைத்துச் செய்யும் தொட்டிச் சோதனை இவற்றுக்கு நன்றாகவே பொருந்தும். கம்பிப்புழு வருஷக்கணக்கில் மண்ணில் இருப்பது. இந்தப் பயிரைக் காப்பாற்றிய மருந்து அடுத்த பயிருக்குப் புழுவை மிச்சம் வைத்ததா என்று அறுவடைக்குப் பிறகும் தூண்டில் தீனி வைத்துப் பார்க்கவேண்டும். கூன்வண்டு விஷயம் இன்னும் கடுமை. அது கடித்த சர்க்கரைவள்ளி கசப்பான நச்சுப்பொருளைச் சுரந்துகொள்வதால், லேசாகக் கடிபட்டதும் உதவாது. அதனால் சேதத்தை 'குறைவு, நடுத்தரம், அதிகம்' என்று பிரிப்பதில் அர்த்தமில்லை, 'இருக்கிறது, இல்லை' போதும். மெட்டாரைசியம் பூஞ்சணம், பூச்சியைத் தாக்கும் நூற்புழு போன்ற உயிர் மருந்துகளுக்கு மூன்று நாள் கிண்ணச் சோதனை வைப்பது அநியாயம். அவை வேலை செய்ய மண்ணின் ஈரமும் சூடும் ஒத்துவரவேண்டும், நாளும் வேண்டும்.

சரி, தொடக்கத்தில் கேட்ட இருவருக்கும். முதலாமவர் அந்தப் பத்துப் புழுவையும் இன்னும் வைத்திருந்தால், ஈரமண்ணில் ஒரு உருளைத் துண்டோடு போட்டு வாரம் ஒருமுறை பார்க்கட்டும். அப்படியே, கிண்ணத்தில் கலந்த அளவை வயலில் இட்ட அளவோடு மில்லிகிராம் கணக்கில் ஒப்பிடட்டும். இரண்டாமவர் மருந்தில்லாத பாத்திகளில் எத்தனை சதவீதம் சேதம் என்று முதலில் சொல்லவேண்டும். அது 5 சதவீதத்துக்குள் என்றால், குறிப்பேட்டில் 'மருந்து உதவவில்லை' என்பதை அடித்துவிட்டு 'பூச்சி போதவில்லை' என்று எழுதிக்கொள்ளலாம்.